சுற்றுவழியும் ஆசிரியரும்: கற்பித்தலின் அறம் பற்றிய ஒரு நோக்கு

பலாலி என்னும் பெயர் யாழ்ப்பாணத்தாரின் நினைவில் இரண்டு நிறுவனங்களோடு பிணைந்து நிற்பது. ஒன்று, பாடசாலைகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றி அனுப்பிய ஆசிரிய கலாசாலை. மற்றையது, விமான நிலையம். முன்னையது போரினால் இடம்பெயர்ந்து போயிற்று. பின்னையது போரின் நடுவே நின்று, பின்னர் மீண்டும் பொதுமக்களின் பயணத்துக்குத் திறந்தது. இவ்விரண்டையும் ஒருசேர நினைப்பார் அரிது. எனினும், பறக்கக் கற்பித்தல் என்னும் தொழிலில் இவ்விரண்டும் வந்து கூடுகின்றன. அவ்வாறு கூடுமிடத்தில், எல்லா ஆசிரியருக்கும் பொதுவானதாயினும் வகுப்பறையில் மங்கலாகவே தோன்றும் ஒரு வினா மிகக் கூர்மையாக எழுகின்றது. கற்பவன் தவறு செய்ய எவ்வளவு தூரம் விடலாம்? அவனைத் தனியே விடுவதற்கு ஆசிரியருக்கு உள்ள உரிமை எத்தகையது?

விமான நிலையத்தின் வரலாறு சுருக்கமாகவே சொல்லத்தக்கது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய அரச விமானப்படை அமைத்த தளம் அது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது சேவை, டக்கோட்டா விமானமொன்றில் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அந்நாளில் வழங்கிய இத்தளத்தில் இறங்கியே சென்னைக்குச் சென்றது. நீண்ட போர்க்காலத்தின் பின்னர் 2019 ஒக்ரோபர் 17இல் இது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் எனத் திறந்து வைக்கப்பட்டது. அடுத்த மாதமே தொடங்கிய சென்னைச் சேவை 2020இல் பெருந்தொற்றினால் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. இலங்கையில் விமானமோட்டப் பயிலும் இளைஞர் பெரும்பாலும் இரத்மலானையிலேயே பயில்கின்றனர். விமானப்படையினர்க்குரிய கலாபீடம் திருகோணமலைச் சீனன்குடாவில் உள்ளது. ஆயினும் இக்கட்டுரையின் பொருளை விளக்குவதற்குப் பலாலியின் ஓடுபாதையே பொருத்தமானது. அதன் காற்றும் அதனைச் சூழ்ந்த நிலமும் குடாநாட்டு வாசகர்க்கு நன்கு பழக்கமானவை.

அவ்வோடுபாதை தென்மேற்கு வடகிழக்காகக் கிடக்கின்றது. ஒருமுனையில் 05 என்றும் மறுமுனையில் 23 என்றும் இலக்கமிடப்பட்டிருப்பது திசைகாட்டியின் 50 பாகை, 230 பாகை என்பவற்றைக் குறிக்கும். விமானம் காற்றை எதிர்த்தே எழவும் இறங்கவும் வேண்டும். எதிர்க்காற்று நிலத்தின் மீதான வேகத்தைக் குறைத்துக் குறுகிய தூரத்தில் காரியத்தை முடிக்க உதவும். சோளகம் வீசுங் காலத்தில் ஒரு முனையும் வாடை வீசுங் காலத்தில் மறு முனையும் பயன்படும் வகையில் ஓடுபாதை அமைந்துள்ளது. மீன்பிடிப்பவனும் பட்டம் விடுபவனும் அறிந்திருந்த காற்றையே இவ்வோடுபாதையும் பின்பற்றுகிறது.

எழும் விமானமும் இறங்கும் விமானமும் ஓடுபாதையைச் சுற்றி நீள்சதுர வடிவான ஒரு பாதையில் செல்கின்றன. இதுவே சுற்றுவழி எனப்படுவது. காற்றை எதிர்த்து எழுந்து, முதல் திருப்பத்தில் குறுக்கே சென்று, இரண்டாவது திருப்பத்தில் ஓடுபாதைக்கு இணையாகக் காற்றோடு போய், மூன்றாவது திருப்பத்தில் மீண்டும் குறுக்கே வந்து, நான்காவது திருப்பத்தில் ஓடுபாதைக்கு நேரே தலைதிருப்பி இறங்குவது அதன் ஒழுங்கு. சிறுவிமானங்கள் பெரும்பாலும் நிலத்திலிருந்து ஏறத்தாழ 1000 அடி உயரத்தில் இதனைச் சுற்றும். வேறுவிதமாக அறிவிக்கப்பட்டாலன்றித் திருப்பங்கள் இடப்புறமாகவே அமையும். விமானி இடப்பக்க ஆசனத்தில் இருப்பதால் ஓடுபாதை அவன் கண்ணில் நிற்கும். ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்களே செல்லும். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் எழுதல், ஏறுதல், திரும்புதல், மட்டமாகப் பறத்தல், வேகங்குறைத்தல், இறங்குதல், நிலந்தொடுதல் ஆகிய அனைத்தும் அடங்கிவிடுகின்றன. ஆகவேதான் மாணவ விமானி மீண்டும் மீண்டும் இச்சுற்றையே சுற்றுகின்றான். தனியே பறக்கும் முதல்நாளில் அவன் பறப்பதும் இந்தச் சுற்றையே.

யாழ்ப்பாணத்தார் வேலிக்குப் பேர்போனவர். கிடுகும் கதியாலும் ஒரு முழம் நகர்ந்தமைக்காகத் தலைமுறைகள் வழக்காடிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. வானில் வேலி இல்லை. அங்கே ஒழுங்கை என ஒன்று உண்டெனில், அது அதிற் செல்வோரின் ஒழுங்கினால் மட்டுமே உள்ளதாகும். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத தளங்களில் ஒவ்வொரு விமானியும் தான் எங்கே நிற்கிறான், எத்திருப்பத்தை எடுக்கப்போகிறான் என்பதை வானொலியில் அறிவித்துக்கொண்டு செல்வான். காணப்படாத இன்னொருவன், விதி எதிர்பார்க்கும் இடத்தில் இவனைத் தேடுவான். தாழ்ந்த இறக்கையுடைய விமானத்திலிருப்பவனுக்குத் தன் கீழே இருப்பது தெரியாது. உயர்ந்த இறக்கையுடையதிலிருப்பவனுக்குத் தன் மேலே இருப்பது தெரியாது. இவ்விருவரும் ஒரே இறுதி அணுகலில் ஒருவர்மேல் ஒருவராக இறங்கிவரக்கூடும். இருவரும் கண்ணுக்குத் தெளிவான பகலிலேயே பறந்துகொண்டிருக்கவும் கூடும். சுற்றுவழி என்பது விதியைக் கடைப்பிடித்தல் என்பதற்கு மேலாக, முகமறியாத ஒருவனுக்குக் கொடுத்த வாக்கு ஆகும். இதனை முதலிலேயே உணர்த்தாத ஆசிரியர் எத்துணைத் திறமையாக விமானத்தைத் திருப்பக் கற்பித்தாலும் பாதியைத்தான் கற்பித்தவராவார்.

இனி, கற்பிக்கும் முறையை நோக்கலாம். சுற்றுவழியைக் கற்பிப்பதில் எளியதொரு குறுக்குவழி உண்டு. 'அந்தக் கோயிற் கோபுரத்துக்கு நேரே வந்ததும் திரும்பு. அந்தச் சீமெந்துத் தொழிற்சாலைப் புகைபோக்கி தெரிந்ததும் வேகத்தைக் குறை' என்று நிலக்குறிகளைக் கொண்டு சொல்லிக் கொடுப்பதே அது. மாணவன் விரைவில் தேறிவிடுவான். சுற்று அழகாக அமையும். ஆசிரியருக்கும் பெருமை உண்டாகும். ஆனால் காற்று மாறி மறுமுனை பயன்படும் நாளில் கோபுரம் பிழையான பக்கத்தில் நிற்கும். வேறொரு தளத்துக்குச் சென்றால் கோபுரமே இராது. சரியாகக் கற்பிப்பவர் ஓடுபாதைக்கும் விமானத்துக்கும் இடையிலான உறவையே கற்பிப்பார்: இணையாகச் செல்லும்போது ஓடுபாதை இறக்கையின் எவ்விடத்தில் தோன்ற வேண்டும், நிலந்தொட வேண்டிய இடம் தோளுக்குப் பின்னால் ஏறத்தாழ 45 பாகையில் விழும்போது எவ்வாறு மூன்றாவது திருப்பத்தை எடுக்க வேண்டும், காற்று தள்ளும் அளவுக்கு மூக்கை எவ்வளவு காற்றின் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்பன போன்றவற்றை. இது மெதுவாகவே வரும். ஆனால் வந்தபின் எத்தளத்திலும் உதவும்.

குடாநாட்டின் கல்விமுறையை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. கடந்தகால வினாத்தாள்களை மனப்பாடஞ் செய்வித்து உயர்ந்த பெறுபேறுகளை ஈட்டித்தரும் தனியார் வகுப்புகள் கோபுரத்தைக் காட்டித் திருப்பக் கற்பிக்கும் வகுப்புகளே. பரீட்சை என்ற ஒரே தளத்தில் ஒரே காற்றில் இறங்கும் வரைக்கும் அதில் குறையொன்றும் தெரியாது. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவர்க்கு உவமையாகக் கூறிய பொருள்களுள் கழற்குடம் ஒன்று. கழற்காய்களைக் குடத்தில் இட்ட ஒழுங்கு வேறு, அவை கொட்டும் ஒழுங்கு வேறு. தான் கற்ற ஒழுங்கில் அன்றி வாய்க்கு வந்த ஒழுங்கில் கற்பிப்பவரை அது குறிக்கும். விமானப் பயிற்சியில் கழற்குட ஆசிரியர் ஆபத்தானவர். எனினும், ஒழுங்காகக் கொட்டி, ஒழுங்கையே அறிவென்று நம்பச் செய்பவர் அவரினும் ஆபத்தானவர் எனலாம். அவரைப் பற்றி நன்னூலார் தனியே ஓர் உவமை கூறவில்லை.

சுற்றுவழியின் நான்காவது திருப்பமே மாணவனுக்கு மிகக் கேடு விளைக்கக்கூடியது. காரணத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். அறவினாவின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது. சோளகம் தென்மேற்கிலிருந்து சற்றே தெற்கு நோக்கிச் சாய்ந்து வீசும் ஒரு பிற்பகலில், 23ஆம் முனையில் இறங்க இடப்புறச் சுற்றில் ஒருவன் வருகிறான் எனக் கொள்ளலாம். மூன்றாவது திருப்பத்தின்பின் அவன் வடமேற்கு நோக்கிச் செல்கையில் காற்றின் ஒரு கூறு அவனைப் பின்னிருந்து தள்ளும். நிலத்தின் மீதான வேகம் அவன் எண்ணியதினும் மிகும். திருப்பத்தைத் தொடங்குமுன்னரே ஓடுபாதையின் நேர்கோடு அவனைக் கடந்து போய்விடும். இப்போது அவன் கண்முன் ஓடுபாதை வலமிருந்து இடமாக விலகிச் செல்கின்றது. மனம் ஒன்றையே சொல்லும்: 'இன்னும் விரைவாகத் திரும்பு.' நிலத்துக்கு அண்மையில் இறக்கையை அதிகம் சாய்க்க அஞ்சுகின்றான். ஆகவே இடக்காலால் சுக்கானை அழுத்தி மூக்கை இழுக்கின்றான். இதனால் விமானம் தானாகவே மேலும் சாய முயல, அதைத் தடுக்க எதிர்ப்பக்கம் கட்டுப்பாட்டைப் பிடிக்கின்றான். மூக்கு தாழ்கின்றது, தண்டைத் தன்பக்கம் இழுக்கின்றான். அந்நிலையில் உட்புற இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் எல்லை கடந்து தூக்குவிசையை இழக்கின்றது. விமானம் உட்பக்கமாகப் புரண்டு சுழன்று விழுகின்றது. நிலம் சில நூறு அடிகளே கீழே உள்ளது. மீட்பதற்கு இடமில்லை.

இதில் நோக்கற்பாலது யாதெனில், அவன் செய்த ஒவ்வொரு செயலும் அதற்கு முந்திய தவறைத் திருத்தும் நன்னோக்கத்தோடு செய்யப்பட்டமையாகும். இறக்கை தூக்குவிசையை இழப்பது வேகக்குறைவினால் மட்டுமே என்று எண்ணுவதும் தவறு. அது கோணத்தைப் பொறுத்தது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானம் தன் நிறையின் இருமடங்கைத் தாங்கவேண்டும். அப்போது அது தூக்குவிசையை இழக்கும் வேகம் ஏறத்தாழ 1.41 மடங்காக உயர்ந்துவிடும். நேர்ப்பறப்பில் 50 நொட் வேகம் வரை தாங்கும் விமானம் அந்நிலையில் 70 நொட்டிலேயே விழும். இவற்றைக் கரும்பலகையில் எழுதிக்காட்டலாம். மாணவன் பரீட்சையில் சரியாக விடையும் எழுதலாம். ஆயின் ஓடுபாதை கண்முன்னே வழுகிப் போகும் அக்கணத்தில் அவன் காலை அடக்குவது கரும்பலகை அறிவு அன்று.

இங்கே கற்பித்தலின் வரலாற்றில் இரண்டு எதிரான நிலைப்பாடுகள் உண்டு. முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1917இல், இங்கிலாந்தின் கொஸ்போட் என்னுமிடத்தில் ரொபேட் சிமித்-பரி என்பார் விமானப் பயிற்றுநர்க்கான பள்ளியொன்றை நடத்தினார். அதற்கு முன்னர் மாணவனை ஆபத்தான நிலைகளிலிருந்து விலக்கி வைப்பதே வழக்கம். பல ஆசிரியர்கட்கே அந்நிலைகள் பழக்கமில்லை. சிமித்-பரி இதனைத் தலைகீழாக்கினார். இரட்டைக் கட்டுப்பாடுடைய அவ்ரோ 504 விமானத்தில் மாணவனை இருத்தி, பேச்சுக்குழாய் மூலம் விளக்கங் கூறிக்கொண்டே, ஆபத்தான நிலைகளுக்குள் வேண்டுமென்றே அழைத்துச் சென்று, அவற்றிலிருந்து வெளிவரக் கற்பித்தார். அச்சம் அறியாமையிலிருந்து பிறப்பது, அறியாமை அநுபவத்தினால் நீங்குவது என்பது அம்முறையின் அடிப்படை. மறுபுறம், 1949இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விமானத்துறை அதிகாரிகள் சாதாரண விமானி அநுமதிப்பத்திரத்துக்கு சுழல்வீழ்ச்சிப் பயிற்சி கட்டாயம் என்ற விதியை நீக்கினர். வீழ்ந்தபின் மீளக் கற்பதினும், வீழ்ச்சியின் முன்னறிகுறியை இனங்கண்டு விலகக் கற்பதே மேல் என்பது அவர்தம் கருத்து. பயிற்றுநராக விரும்புவோர்க்கு மாத்திரம் அப்பயிற்சி தொடர்ந்து வேண்டப்பட்டது.

இவ்விரண்டையும் துணிவுக்கும் கோழைத்தனத்துக்கும் இடையிலான வேறுபாடாகக் காண்போர் உளர். அது சரியன்று. நான்காவது திருப்பத்தில் விழுபவனுக்கு மீட்சிக்கலை தெரிந்திருந்தும் பயனில்லை, உயரமே இல்லை. எனவே அவ்விடத்தைப் பொறுத்தவரை விலகக் கற்பதைத் தவிர வேறு கல்வி இல்லை. ஆனால் விலகக் கற்பவன் எதிலிருந்து விலகுகிறான் என்பதை உடலால் அறிந்திருக்காவிடின், விலகல் வெறும் சொல்லாகவே நின்றுவிடும். பல ஆயிரம் அடி உயரத்தில், ஆசிரியர் அருகிலிருக்க, இறக்கை நடுங்குவதையும் கட்டுப்பாடு தளர்வதையும் ஒருமுறை உணர்ந்த மாணவன், தாழ்ந்த உயரத்தில் அதே நடுக்கத்தின் முதல் அறிகுறியிலேயே தண்டைத் தளர்த்துவான். கிணற்றடியில் வளரும் குழந்தைக்குக் கிணற்றை மறைத்து வைக்கும் தாயும், பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கச் செய்யும் தாயும் அஞ்சுவது ஒன்றையே. எந்த ஆபத்தைக் காட்டிக் கற்பிக்கலாம், எதனைச் சொல்லி மட்டுமே கற்பிக்கலாம் என்பது, மீட்சிக்கு இடமிருக்கிறதா என்பதைக் கொண்டே தீர்மானிக்கப்பட வேண்டும். ஆசிரியரின் மனத்திட்பத்தைக் கொண்டன்று.

இதிலிருந்து ஆசிரியரின் கையைப் பற்றிய வினா எழுகின்றது. மாணவன் தவறு செய்யத் தொடங்கும்போது அருகிலிருக்கும் ஆசிரியர் எப்போது தண்டைப் பற்ற வேண்டும்? வைணவர் இறையருள் பற்றி வாதிட்டபோது இரண்டு உவமைகளைக் கையாண்டனர். பூனை தன் குட்டியை வாயாற் கவ்விச் செல்லும். குட்டி யாதுஞ் செய்ய வேண்டியதில்லை. குரங்குக் குட்டியோ தானே தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். மோட்சத்துக்கு எவ்வழி சரியென்பது ஈண்டு ஆராயற்பாலதன்று. கல்விக்குப் பூனைவழி போதாது என்பது மட்டும் தெளிவு. ஒவ்வொரு தவறின் தொடக்கத்திலும் கவ்விக்கொள்ளும் ஆசிரியரிடம் பயில்பவன் தவறு என்பது எத்தகையது எனக் காண்பதேயில்லை. தவறுகள் தாமே மறைந்துவிடுபவை என்ற நம்பிக்கையையே கற்றுக்கொள்கின்றான். மாறாக, மிகத் தாமதித்துப் பற்றும் ஆசிரியர் இருவர் உயிரையும் பணயம் வைக்கின்றார். இடைநிலை எது? தவறு மாணவனின் கண்ணுக்குப் புலப்படும் வரை வளர வேண்டும். ஆசிரியரின் ஆற்றலால் மீட்க முடியாத அளவுக்கு வளரக்கூடாது. இவ்வெல்லை மாணவனின் திறமையில் இல்லை, ஆசிரியரின் திறமையில் உள்ளது. மாணவனை அறிவதற்கு முன் ஆசிரியர் தன்னை அறிய வேண்டியவராகின்றார். களைத்திருக்கும் நாளில் அவருடைய எல்லை குறுகும். குறுகியதை ஒப்புக்கொள்வது எளிதன்று.

எனினும் இவையனைத்தும் ஆசிரியர் அருகிலிருக்கும் வரைக்குமான செய்திகள். மெய்யான வினா அவர் கதவைத் திறந்து இறங்கும்போதே எழுகின்றது.

தொழில்களைச் செய்தே கற்கிறோம், கட்டடங் கட்டியே கட்டடக் கலைஞர் ஆகின்றனர் என்றார் அரிஸ்டோட்டில். அண்மைக்கால மெய்யியலாளருள் கில்பேட் றைல் 1949இல் வெளியிட்ட 'மனம் பற்றிய கருத்து' என்னும் பொருள்படத் தலைப்பிட்ட நூலில், ஒன்று இன்னதென அறிதலையும் ஒன்றை எவ்வாறு செய்வதென அறிதலையும் வேறுபடுத்தி, பின்னது முன்னதினுள் அடங்காது என வாதிட்டார். செய்திறன் செயலிலேயே வெளிப்படும். இக்கருத்தைச் சுற்றுவழியோடு பொருத்தினால் ஒரு முரண் தோன்றுகின்றது. மாணவனிடம் சோதிக்கப்பட வேண்டிய திறன் 'தனியே பறக்கும் திறன்' ஆகும். ஆசிரியர் அருகிலிருக்கும்போது அவன் காட்டுவது 'ஆசிரியர் அருகிலிருக்கப் பறக்கும் திறன்' மட்டுமே. முப்பது சுற்றுகளைக் குறையின்றிச் சுற்றினாலும், அவை அனைத்தும் அருகில் ஒருவர் இருக்கிறார் என்ற அறிவின் நிழலிற் சுற்றப்பட்டவை. தனியே விட்டாலன்றித் தனியே செல்ல வல்லவனா என்பது தெரியாது. தெரியாமல் தனியே விடுவது தகுமா? இயற்பியலும் இம்முரணுக்குத் துணைபோகின்றது. ஆசிரியர் இறங்கியதும் சிறுவிமானம் கணிசமாக இலேசாகிவிடும். அது விரைவாக மேலேறும். எதிர்பார்த்ததற்கு முன்னரே சுற்றுவழி உயரத்தை எட்டும். இறங்கும்போது ஓடுபாதையின் மேல் சற்று நீண்டு மிதக்கும். மாணவன் பழகிய விமானம் வேறு, தனியே ஓட்டும் விமானம் வேறு.

வல்வெட்டித்துறைக் கடலோடிகளின் மரபு இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. அங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளைக் கொண்டே 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் சென்றடைந்தது யாவரும் அறிந்த செய்தி. அத்திறன் எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்பட்டதன்று. இளைஞன் தண்டையலின் அருகில் நின்று ஆண்டுக்கணக்கிற் பழகிப் பெற்றது. ஆயினும் கப்பலில் ஒருவனைத் தனியே விடவேண்டிய தேவை திடீரென வருவதில்லை. பொறுப்பு கயிறு கயிறாகக் கைமாறும். சுக்கானைப் பிடித்திருப்பவன் பிழைத்தாற் கூப்பிடு தூரத்தில் மூத்தவர் இருப்பார். கடல் அவகாசம் தரும். ஒற்றை ஆசிரியரும் இரட்டை ஆசனமும் கொண்ட விமானத்திலோ பொறுப்பு ஒரே கணத்தில், முழுமையாக, ஒரு கதவு சாத்தப்படும் ஓசையோடு கைமாறுகின்றது.

இச்செயலுக்கு நியாயம் கற்பிப்போர் பொதுவாக மாணவனின் இசைவைக் காட்டுவர். அவன் விரும்பி வந்தவன், இடரை அறிந்தவன். இவ்வாதம் ஒரு பகுதியளவில் ஏற்கத்தக்கது. ஆனால் விமானம் வெறுவெளியின் மேல் பறப்பதில்லை. வாடைக்காற்றில் இடப்புறச் சுற்று பெரிதும் கரையோரத்துக்கும் கடலுக்கும் மேலாக அமையும். சோளகத்தில் அது உள்நாட்டுப் பக்கம் திரும்பி, தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் மேலாகச் செல்லும். பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் தம் வீடுவாசல்களை விட்டு இடம்பெயர்ந்தவர்கள். அவர்களுடைய நிலம் கட்டங்கட்டமாகவே அவர்களுக்கு மீண்டது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டது. கால்நூற்றாண்டின் பின்னர் திரும்பிவந்து கிணறு இறைத்து வெங்காயம் நட்டவரிடம், அவர் தலைக்கு மேலே பழகுநர் பறப்பதற்கு எவரும் இசைவு கேட்பதில்லை. அத்தகைய மண்ணில் 'பொதுநன்மைக்காக ஒரு சிலர் பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்ற சொற்கள் எளிதில் உச்சரிக்கத்தக்கவை அல்ல. அவை அங்கு முன்னரும் கேட்டவை.

எனினும், எந்த இடரும் இருத்தலாகாது என்று அத்தோட்டக்காரரும் கோரமாட்டார். அவர் ஏறும் பேருந்தின் சாரதியும் ஒருநாள் பழகுநராக இருந்தவரே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கிய நாள்முதல் இன்றுவரை, ஒவ்வொரு மருத்துவரும் தம் முதலாவது தையலை யாரோ ஒருவருடைய உடலிலேயே போட்டிருக்கின்றார். செய்திறன் என்பது எங்காவது, யாராவது ஒருவர் மீது பழகப்பட்டே வருவது. அதன் விலையைச் செலுத்துவோரும் அதன் பயனைப் பெறுவோரும் எப்போதும் ஒருவரேயல்லர். ஆகவே தோட்டக்காரரின் உரிமை இடரே இல்லாமையைக் கோருவதன்று. தம் மீது சுமத்தப்படும் இடர் கற்பித்தலுக்கு இன்றியமையாத அளவினதா, அல்லது வேறு எதற்கோ சுமத்தப்படுகிறதா எனக் கேட்பதே அவர் உரிமை. அந்த 'வேறு எதுவோ' பயிற்சி உலகில் ஏராளம் உண்டு. பறப்பு மணித்தியாலம் ஒவ்வொன்றும் பெரும் பணம். பெற்றோர் காணி விற்றுக் கட்டிய பணமாகவும் இருக்கலாம். எத்தனை மணித்தியாலத்தில் தனியே பறந்தாய் என்று மாணவர் தமக்குள் ஒப்பிட்டுக்கொள்வர். விரைவில் விடுவித்த ஆசிரியர் திறமையானவர் என்று பெயர் பெறுவார். இக்காரணங்களுள் எதுவேனும் ஒன்று கதவைத் திறக்கும் முடிவில் ஒரு துளியாவது கலந்திருக்குமாயின், கீழே வெங்காயப் பாத்தியில் நிற்பவருக்கு அம்முடிவு இழைத்தது அநீதியே. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது என்பது அவ்வநீதியைத் துடைத்துவிடாது. இதனை ஏற்கப் பலரும் தயங்குவர். பயன் நன்றாயின் செயலும் நன்றென்பது வழக்கமான எண்ணம்.

அப்படியாயின் தூய்மையான முடிவுக்கு அளவுகோல் யாது? குறைவற்ற இறக்கங்களின் எண்ணிக்கை என்று பலர் விடைகூறுவர். முன்னர் கூறிய முரண் அவ்விடையைப் பயனற்றதாக்குகின்றது. ஆசிரியரின்றியும் செய்வான் என்பதற்கு, அவர் இருக்கும்போதே அவர் சொல்லாமற் செய்யும் செயலே சான்றாக முடியும். அத்தகைய செயல்களுள் முதன்மையானது, இறக்கத்தைத் தானே கைவிட்டு மீண்டும் மேலேறுதல். நான்காவது திருப்பத்தில் ஓடுபாதை வழுகிப் போவதைக் கண்ட மாணவன் அதனைத் துரத்தாமல், இறக்கைகளை மட்டமாக்கி, இயந்திரத்துக்கு முழுவிசை கொடுத்து, மீண்டும் ஒருமுறை சுற்றிவரத் தீர்மானிக்கின்றான். ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அழகான பத்து இறக்கங்களினும் அவ்வொரு கைவிடல் அவனைப்பற்றி அதிகம் சொல்லும்.

ஆனால் கைவிடலைக் கற்பிப்பது இச்சமூகத்தில் எளிதன்று. தோல்வியைப் போலத் தோன்றும் எதையும் குழந்தைப்பருவத்திலிருந்தே வெட்கத்தோடு இணைத்துப் பழக்கியுள்ளோர் இங்கு அதிகம். இரண்டாம் முறை பரீட்சைக்குத் தோற்றும் மாணவன் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகக் கூசும் ஊர் இது. அவ்வாறு வளர்ந்தவன், ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்க, இறங்காமல் மேலேறுவதைத் தன் குறைபாட்டின் பகிரங்க அறிவிப்பாகவே கருதுவான். இறங்கியே தீரவேண்டும் என்ற உந்துதலே அவன் காலைச் சுக்கானில் அழுத்துகின்றது. எனவே அவன் முதன்முறை கைவிட்டு மேலேறும்போது ஆசிரியரின் முகத்தில் தோன்றும் சிறு சலிப்பும், 'இறக்கியிருக்கலாமே' என்ற ஒரு சொல்லும், பல மாதப் பயிற்சியை அழித்துவிடக்கூடும். துலாக்கோலை நல்லாசிரியருக்கு உவமையாகக் கூறிய நன்னூலார் ஐயந்தீர்க்கும் திறனையும் நடுநிலையையும் கருதினார். விமானப் பயிற்றுநர் அவ்வுவமையைச் சற்று நீட்டிக்கொள்ளலாம்: இறக்கமும் கைவிடலும் அவர் தட்டில் ஒரே நிறையாக இருத்தல் வேண்டும்.

எஞ்சியது, மாணவன் தனியே மேலெழுந்தபின் ஆசிரியர் செய்யவேண்டியது. அவர் ஓடுபாதையோரத்திலோ கோபுரத்திலோ வானொலியோடு நிற்பார். மாணவனின் ஒவ்வொரு பிறழ்வும் அவருக்குத் தெரியும். பொத்தானை அழுத்தினால் குரல் சென்று சேரும். அழுத்தலாமா? 'உயரம் கூடுகிறது', 'திரும்பத் தாமதிக்கிறாய்' என்று தொடர்ந்து சொல்பவர் தாம் இறங்கிவிட்டதை இன்னும் ஏற்கவில்லை. அதனினும், மூன்றாவது நான்காவது திருப்பங்களில் மாணவனின் கண்ணும் காதும் கையும் ஒருங்கே தேவைப்படும் வேளையில் காதில் விழும் குரல், அவன் கவனத்தை வேகமானியிலிருந்து பிடுங்கிவிடக்கூடும். அவனைக் காக்கவென எழுந்த குரல் அவனை வீழ்த்தவுங் கூடும். ஓடுபாதையில் மாடு குறுக்கிடுவது, வேறொரு விமானம் எதிர்ப்படுவது போன்ற, அவன் காணமுடியாதவற்றைச் சொல்வதற்கு மாத்திரமே அக்குரலுக்கு இடமுண்டு. அவன் காணக்கூடியவற்றை அவன் கண்ணுக்கே விட்டுவிட வேண்டும். முதல் தனிப்பறப்பின்போது ஓடுபாதையோரம் நிற்கும் ஆசிரியர் அந்தச் சில நிமிடங்களில் வெறுமனே நிற்பது போலவே பிறர்க்குத் தோன்றும்.